சட்டமுன்வடிவைப் பின்தொடர எந்த வழி? குமரி மாவட்டத்தில் இருப்போருக்கு ஓர் ஒப்பீடு

கனிமவளம் உள்ள நிலங்களின் மீது வரி விதிக்கும் சட்டமுன்வடிவு (நாளிதழ் மொழியில் மசோதா) 2024 டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இடையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் இருந்தன. ஆனால் எனக்குத் தெரிந்த சிறு ஒப்பந்தக்காரர்களும், அப்போதுதான் வீட்டுக்கு அடித்தளம் போட்டிருந்தவர்களும், கல்லும் எம்-சாண்டும் விலை ஏறிய பிறகே இப்படியொரு சட்டம் இருப்பதை அறிந்தார்கள். அதன் பின்னர் வாசகர்கள் பலர் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டு வருகிறார்கள்: சென்னையிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாம், நம்மைத் தொடும் சட்டமுன்வடிவுகளைப் பேரவையின் இணையதளத்தில் பார்ப்பதா, அரசிதழில் பார்ப்பதா, நாளிதழை நம்புவதா, சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்பதா, ஆய்வு நிறுவனங்களின் தொகுப்பைப் படிப்பதா?

எந்த வழி சிறந்தது என்பது, சட்டமுன்வடிவின் பயணத்தில் எந்தக் கட்டத்தில் அதைப் பிடிக்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே அந்தப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒப்பீட்டுக்கு வருகிறேன்.

ஒரு சட்டமுன்வடிவு கடக்கும் கட்டங்கள்

துறை அமைச்சர் பேரவையில் சட்டமுன்வடிவை அறிமுகம் செய்கிறார். பின்னர் அது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, பிரிவு பிரிவாக வாக்குக்கு விடப்பட்டு, நிறைவேற்றப்படுகிறது. தமிழ்நாட்டில் மேலவை 1986-இல் நீக்கப்பட்டுவிட்டதால், ஓர் அவையில் நிறைவேறியதும் அது நேரே ஆளுநரிடம் செல்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 200-ஆம் உறுப்பின்படி அவர் இசைவு அளிக்கலாம், இசைவை நிறுத்திவைக்கலாம், திருப்பி அனுப்பலாம், அல்லது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி வைக்கலாம். இசைவு கிடைத்ததும் அது சட்டமாக அரசிதழில் வெளியாகும். வெளியான அன்றே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பதில்லை. அரசு தனி அறிவிக்கை மூலம் குறிக்கும் நாளிலிருந்தே பல சட்டங்கள் உயிர் பெறுகின்றன. வாடகைதாரர், நில உரிமையாளர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டின் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கடை வாடகைக்கு எடுத்திருந்தவர்களுக்கு, சட்டம் நிறைவேறிய நாளைவிட இந்த நாளே முக்கியமாக இருந்தது.

கட்டங்களுக்கு இடையிலான கால அளவு ஒரே சீராக இல்லை. அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே சில நாள்களே இருக்கும், சில வேளைகளில் ஒரு நாள்கூட இராது. இசைவுக்கான காத்திருப்போ மாதங்களையும் ஆண்டுகளையும் விழுங்கக்கூடியது. மருத்துவப் படிப்புச் சேர்க்கையில் நீட் தேர்விலிருந்து விலக்கு கோரும் சட்டமுன்வடிவு 2021 செப்டம்பர் 13 அன்று நிறைவேறி, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2022 பிப்ரவரி 8 அன்று மீண்டும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் அதற்கு இசைவளிக்கவில்லை என்ற செய்தி பேரவைக்கு 2025 ஏப்ரலில்தான் தெரிவிக்கப்பட்டது. அதே மாதம் 8-ஆம் தேதி, தமிழ்நாட்டின் பத்துச் சட்டமுன்வடிவுகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆளுநருக்குக் கால வரம்புகளை வகுத்தது. ஆனால் 2025 நவம்பர் 20 அன்று ஐவர் அமர்வு அளித்த கருத்துரை, நீதிமன்றம் அத்தகைய கால வரம்பை நிர்ணயிக்க இயலாது என்று கூறிவிட்டது. எனவே இசைவு எப்போது வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த நாளில் மட்டும் தேடிப் பார்ப்பது பயன் தராது.

எவற்றைக் கொண்டு அளக்கிறேன்

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். முதலாவது, பேரவையில் நிறைவேறும் முன்பே நமக்குத் தெரிய வருகிறதா என்பது. இரண்டாவது, சட்டமுன்வடிவின் மூல வாசகம் கிடைக்கிறதா, அல்லது அதைப் பற்றிய செய்தி மட்டுமே கிடைக்கிறதா என்பது. மூன்றாவது, தமிழில் கிடைக்கிறதா என்பது. நான்காவது, இசைவும் நடைமுறைக்கு வரும் தேதியும் தெரிகிறதா என்பது. ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு: நேரம், அலைச்சல், பிறருக்கு நாம் படும் கடமைப்பாடு. பணச் செலவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனெனில் இவ்வழிகளில் பெரும்பாலானவை இலவசம்.

1. பேரவையின் இணையதளம்

அறிமுகமான சட்டமுன்வடிவுகளை ஆண்டு வாரியாக, எண்ணோடும் தலைப்போடும் பார்ப்பதற்கு இதுவே முதல் இடம். ஒவ்வொரு சட்டமுன்வடிவின் முடிவிலும் நோக்கக் காரண விளக்கவுரை என்ற ஒரு பகுதி இருக்கும். சட்ட நடையில் பழக்கம் இல்லாதவர்கள் பிரிவுகளைப் படிப்பதற்கு முன் அதைப் படிப்பது நல்லது. எதற்காக இந்தத் திருத்தம், எந்தத் தீர்ப்பு அல்லது எந்த நடைமுறைச் சிக்கல் இதற்குக் காரணம் என்பதை அரசே தன் சொற்களில் அங்கே சொல்லியிருக்கும்.

இவ்வழியின் குறை, அது தானாக நம்மிடம் வராது என்பதே. கூட்டத்தொடர் நடக்கும் நாள்களில் அன்றாடம் நாமே போய்ப் பார்க்க வேண்டும். சட்டமுன்வடிவுகள் கூட்டத்தொடரின் இறுதி நாள்களில் குவிவது வழக்கம் என்பதால், முதல் மூன்று வாரம் பார்த்து ஒன்றும் இல்லையென்று சலித்து விட்டவருக்கு நான்காம் வாரத்தில் ஏமாற்றம் காத்திருக்கும். நிறைவேறிய பின் என்ன ஆயிற்று என்பதற்கும் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. கணினி அல்லது கைப்பேசியில் கோப்புகளைத் தேடிப் பழகிய ஓர் ஆசிரியருக்கோ வழக்கறிஞருக்கோ கல்லூரி மாணவருக்கோ, குறிப்பாக ஒரு துறையை மட்டும் கவனிப்பவருக்கு, இது மிகவும் பொருந்தும்.

2. தமிழ்நாடு அரசிதழ்

அரசிதழை வழக்கறிஞர்களுக்கும் பெயர் மாற்றம் செய்வோருக்கும் மட்டுமே உரியதாக நம்மில் பலர் நினைத்துவிட்டோம். உண்மையில், ஒரு சட்டமுன்வடிவின் வாழ்வு முழுவதும் பதிவாவது இங்குதான். எழுதுபொருள் அச்சுத்துறையின் இணையதளத்தில் இதழ்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வார இதழ் புதன்கிழமைகளில் வெளியாகிறது. அதற்கு இடையில் வேண்டும்போதெல்லாம் சிறப்பிதழ்கள் வரும். நான்காம் பகுதியின் முதல் பிரிவில் சட்டமுன்வடிவுகளும், இரண்டாம் பிரிவில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும் இடம்பெறுகின்றன. நடைமுறைக்கு வரும் நாளைக் குறிக்கும் அறிவிக்கையும், பின்னர் வரும் விதிகளும் அரசிதழிலேயே வெளியாகின்றன.

அவசரச் சட்டங்களை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பேரவை கூடாத காலத்தில் ஆளுநர் 213-ஆம் உறுப்பின்படி பிறப்பிக்கும் சட்டம் அது. பேரவையின் நிகழ்ச்சி நிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தென்படாது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டமாகவே முதலில் வந்தது, அம்மாதம் 19-ஆம் தேதிதான் பேரவையில் சட்டமுன்வடிவாக நிறைவேறியது. திருப்பி அனுப்பப்பட்டு, 2023 மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் இசைவு பெற்றது. இந்த வரலாற்றில் சட்ட வலிமை பெற்ற ஒவ்வொரு படியின் மூல வாசகமும் அரசிதழில்தான் வெளியானது.

குமரி மாவட்டத்தாருக்கு மட்டும் உரிய ஒரு நுணுக்கமும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து இம்மாவட்டமும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு இணைந்தன. அதனால் பல பழைய சட்டங்களில் நம் மாவட்டம் தன் பெயரால் அழைக்கப்படாமல், மாற்றித் தரப்பட்ட ஆட்சிப்பகுதி என்று பொருள்படும் சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. ஜென்மி எனப்பட்ட நிலவுடைமையாளருக்குச் செலுத்தப்பட்டு வந்த ஜென்மிகரத்தை 1964-இல் ஒழித்த சட்டம் அந்தப் பெயரையே தாங்கியது. அதே ஆண்டின் ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் (திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரியவை) பற்றிய சட்டமோ கன்னியாகுமரி என்ற பெயரைத் தாங்கியது. இந்த நிலங்களின் பட்டா, பதிவு தொடர்பான திருத்தங்களைத் தேடுவோர் இரு சொற்களையும் தேட வேண்டும். இதை அறியாமல் மாவட்டத்தின் பெயரை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு, நம்மைப் பற்றி ஒன்றும் இல்லை என்று நானே ஒருமுறை முடிவுகட்டியிருக்கிறேன். நாளிதழில் மசோதா என்று படித்துப் பழகியவர்கள், அரசின் ஆவணங்களில் சட்டமுன்வடிவு என்றே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மறைவான செலவு என்று பார்த்தால், அரசிதழ் கேட்பது பொறுமை. சிறப்பிதழ்கள் எண்ணாலும் தேதியாலும் அடுக்கப்பட்டிருக்கின்றனவே தவிர, பொருளால் அல்ல. நமக்குத் தொடர்பில்லாத பத்து இதழ்களைத் திறந்த பிறகே தேவையான ஒன்று அகப்படும். சில தமிழ்க் கோப்புகளில் எழுத்துரு காரணமாகத் தேடல் வேலை செய்யாது, பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். தமிழ் வாசகமும் ஆங்கில வாசகமும் முரண்படுவதுபோல் தோன்றினால், 348-ஆம் உறுப்பின்படி அரசிதழில் வெளியான ஆங்கில வாசகமே நீதிமன்றத்தில் அதிகாரமுடையதாகக் கொள்ளப்படும். ஆகையால் முக்கியமான ஒரு பிரிவை நம்பி நிலம் வாங்கவோ வழக்குத் தொடுக்கவோ போகிறவர் இரண்டையும் ஒப்பிட்டுப் படிப்பது அவசியம்.

நிறைவேறிய பின் நடப்பதே நம் கவலையென்றால், அரசிதழுக்கு நிகரான வழி இல்லை. ஆனால் நிறைவேறும் முன் தடுக்கவோ திருத்தவோ விரும்புவோருக்கு, அரசிதழில் சட்டமுன்வடிவைக் கண்டு, படித்து, மனு எழுதி அனுப்பும்போது காலம் கடந்திருக்கக்கூடும். நான் சார்ந்த ஒரு சங்கத்தின் மனு அவ்வாறே, அவை தீர்மானித்து முடித்த பின் சென்னை போய்ச் சேர்ந்தது. அன்று எங்களுக்கு இருந்த மனவருத்தமே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது என்று சொன்னால் மிகையாகாது.

3. நாளிதழும் நேரலையும்

2023 ஏப்ரல் 21 அன்று பேரவை நிறைவேற்றியவற்றுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால், இவ்வழியின் வலிமையும் எல்லையும் விளங்கும். ஒன்று, தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழி செய்த திருத்தம். அது முதல் பக்கச் செய்தியானது. கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் எழுந்தன, மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே முதல் நாளில் திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மற்றொன்று, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவு. நீர்நிலை, ஓடை, வாய்க்கால் போன்றவை அடங்கிய, 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலங்களில் அமையும் திட்டங்களுக்கு அது பொருந்தும். விவாதமின்றி நிறைவேறி, அவ்வாண்டு ஆகஸ்டில் ஆளுநரின் இசைவையும் பெற்றது. குளங்களையும் கால்வாய்களையும் நம்பி வாழும் நாஞ்சில் நாட்டு உழவர்களுக்கு இரண்டாவது எவ்வகையிலும் சிறிய செய்தியன்று. ஆயினும் என் நினைவில், முதலாவதன் ஆரவாரத்தில் அது ஒதுங்கிப் போயிற்று. நாளிதழ் எதைப் பெரிதாக்குகிறதோ அதை நாம் அறிவோம், மற்றவை நம்மைக் கடந்து போகும்.

நேரலையைப் பொறுத்தவரை, 2022 ஜனவரியில் கேள்வி நேரம் நேரலையாகத் தொடங்கியது நல்ல மாற்றமே. ஆனால் சட்டமுன்வடிவுகள் கேள்வி நேரத்தில் வருவதில்லை, அதற்குப் பின்னரே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சட்டம் எளியதாக இருக்கும்போது நாளிதழே போதுமானது. துணிக்கடை போன்ற இடங்களில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் 2021 செப்டம்பரில் அறிமுகமானபோது, செய்தியைப் படித்தவுடன் பொருள் விளங்கிவிட்டது, மூல வாசகத்தைத் தேட வேண்டிய தேவை எழவில்லை. வரி, நிலம், பதிவு ஆகியவற்றில் அப்படி இருக்க முடியாது. அங்கே ஒரு விதிவிலக்குச் சொல்லில் ஒருவரின் காணியே அடங்கியிருக்கும்.

4. சட்டமன்ற உறுப்பினர்

பேரவையின் 234 தொகுதிகளில் ஆறு நம் மாவட்டத்தில் உள்ளன: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர். மேலே சொன்ன வழிகள் எல்லாம் நமக்குத் தகவல் தருபவை. இந்த ஒரு வழி மட்டுமே தகவலைப் பெறுவதோடு, அவையில் ஒரு சொல்லை மாற்றும் வாய்ப்பையும் தருகிறது. உறுப்பினரால் திருத்தம் கொடுக்க முடியும், உறுப்பினர்கள் சிலர் கூடி ஆராயும் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோர முடியும், குறைந்தது அவைக் குறிப்பில் எதிர்ப்பையாவது பதிவு செய்ய முடியும். துறைக்கான செலவுத் தொகையை அவையிடம் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது அமைச்சர் வெளியிடும் அறிவிப்புகளை அவர் நேரில் கேட்டிருப்பார். புதிய சட்டம் வரப்போகிறது என்ற குறிப்பு பல வேளைகளில் அங்கேதான் முதலில் வெளிப்படும்.

செலவு இங்கே வேறு வகையானது. உறுப்பினர் நாம் சாராத கட்சியினராக இருந்தால் தயக்கம் வரும், நாம் சார்ந்த கட்சியினராக இருந்தாலோ விமர்சிக்கத் தயக்கம் வரும். கூட்டத்தொடர் காலத்தில் அவர் தொகுதியில் இருக்க மாட்டார். அப்போது தொகுதி அலுவலகத்தின் வாசலில் காத்திருப்பதைவிட, சென்னையில் அவரோடு இருக்கும் உதவியாளரின் எண்ணைக் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வது மேல். வெறுமனே, ஏதாவது மசோதா வருகிறதா சார் என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, நம் ஊரில் யாருக்கு என்ன பாதிப்பு என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுத்தால், அவையில் எழுந்து பேசுவதற்கு அவருக்கே அது உதவும். குலசேகரத்து ரப்பர் விவசாயிகள் பத்மநாபபுரம் உறுப்பினரிடம் மட்டும் போவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. விளவங்கோட்டிலும் ரப்பர் உண்டு, இருவரும் கேட்டால் குரல் இரட்டிக்கும்.

தனி ஆளுக்கு இவ்வழி எளிதன்று. சங்கம், கூட்டுறவு அமைப்பு, ஊர் நிர்வாகக் குழு ஆகியவற்றுக்கே இது பொருந்தும்.

5. ஆய்வு நிறுவனங்களும் கூட்டமைப்புகளும்

புது தில்லியில் இயங்கும் பி.ஆர்.எஸ். நிறுவனம் நாடாளுமன்றச் சட்டமுன்வடிவுகளுக்கு விரிவான விளக்கங்களையும், மாநிலச் சட்டங்கள் குறித்து ஆண்டுதோறும் ஒரு மீளாய்வையும் வெளியிடுகிறது. பிற மாநிலங்கள் இதே பொருளில் என்ன சட்டம் இயற்றின என்று ஒப்பிட இதைவிட வசதி வேறில்லை. கேரளத்தை ஒட்டி வாழும் நமக்கு அது அடிக்கடி தேவைப்படும். ஆனால் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது, மாநிலச் சட்டமுன்வடிவுகளை உடனுக்குடன் எதிர்பார்க்கவும் முடியாது. மாநில அளவிலான தொழிற்சங்க, வணிகர், மீனவர் கூட்டமைப்புகள் விரைவாகச் செய்தி தரும். அவை தங்கள் நிலைப்பாட்டோடு சேர்த்தே தருவதால், மூல வாசகத்தை நாம் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அட்டவணை

| வழி | நிறைவேறும் முன் தெரியுமா | மூல வாசகம் | இசைவும் நடைமுறைத் தேதியும் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| பேரவை இணையதளம் | அன்றாடம் பார்த்தால் தெரியும் | உண்டு | நம்பி இருக்க முடியாது | கூட்டத்தொடர் முழுவதும் விடாத கவனம் |
| அரசிதழ் | சில வேளை | உண்டு, அதிகாரமுடையது | உண்டு | தேடும் நேரம் |
| நாளிதழ் | பெரிய செய்தியானால் | இல்லை | அரிது | விடுபட்டவை நமக்குத் தெரியவே வராது |
| சட்டமன்ற உறுப்பினர் | வாய்ப்பு மிகுதி | கேட்டுப் பெறலாம் | கேட்டால் | கடமைப்பாடு, கட்சிச் சார்பு |
| ஆய்வு நிறுவனம், கூட்டமைப்பு | கூட்டமைப்பானால் உண்டு | இணைப்பு கிடைக்கலாம் | தாமதமாக | மொழி, நிலைப்பாடு |

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை அட்டவணையில் சேர்க்கவில்லை. 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம் என்றாலும், விடைக்கு 30 நாள்கள் அவகாசம் உண்டு, சட்டமுன்வடிவோ அதற்குள் அவையைக் கடந்துவிடும். எந்தத் தேதியில் ஆளுநருக்கு அனுப்பப்பட்டது, விதிகள் எந்த நிலையில் உள்ளன போன்ற பின்னாளைய கேள்விகளுக்கு அது ஏற்றது.

சட்டமுன்வடிவே இல்லாதவை

நம்மைத் தொடும் எல்லா மாற்றங்களும் பேரவை வழியாக வருவதில்லை. மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் உள்ள குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் நடப்பது ஆணைகளின் வழியேதான். அவற்றுக்குப் பேரவை இணையதளத்தில் தேடினால் நேரம்தான் வீண். மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ள பத்திரப்பதிவு போன்ற பொருள்களில் மத்தியச் சட்டத்தை மாநிலம் திருத்தும்போது, முரண்பாடு எழுமானால் குடியரசுத் தலைவரின் இசைவு தேவைப்படும். போலி ஆவணங்களை ரத்து செய்யப் பதிவுத்துறைக்கு அதிகாரம் அளித்த திருத்தம் 2021-இல் பேரவையில் நிறைவேறி 2022 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்ததற்கு இதுவே காரணம்.

தேர்தல் வந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்ற எண்ணமும் சரியன்று. பேரவையில் நிலுவையில் உள்ள சட்டமுன்வடிவுகள் அவை கலைந்ததும் காலாவதியாகும். ஆனால் நிறைவேறி ஆளுநரின் அல்லது குடியரசுத் தலைவரின் இசைவுக்குக் காத்திருப்பவை காலாவதியாகா என்று, கேரள வேளாண்மை உறவுகள் சட்டமுன்வடிவு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே ஆட்சி மாறினாலும் குறிப்பேட்டை மூடிவிடக் கூடாது.

யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

ஒரே ஒரு வழிதான் முடியும் என்பவருக்கு நான் அரசிதழையே சொல்வேன். தடுக்கும் வாய்ப்பு கைநழுவினாலும், சட்டம் நம் வாசலுக்கு வரும் நாளாவது முன்கூட்டித் தெரியும். வணிகருக்கும், கட்டட ஒப்பந்தக்காரருக்கும், நிலம் வாங்கப் போகிறவருக்கும் அதுவே பெரும்பாலும் போதும். 2024 டிசம்பருக்குப் பின் அரசிதழைப் புரட்டிக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர், கல் விலையைப் பழைய கணக்கில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்க மாட்டார்.

சட்டத்தின் வாசகத்தையே மாற்ற விரும்பும் சங்கங்களுக்கு உறுப்பினரும் பேரவை இணையதளமும் சேர்ந்தே வேண்டும், ஒன்று மட்டும் போதாது. இணையதளத்தைப் பார்க்காமல் உறுப்பினரிடம் போனால் கேட்பதற்குக் கேள்வி இராது, உறுப்பினர் இல்லாமல் இணையதளத்தைப் பார்த்தால் கேள்வியைக் கேட்பதற்கு ஆள் இராது.

எங்கள் சங்கத்தில் இப்போது மூவர் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் கூட்டத்தொடர் நாள்களில் மாலைதோறும் பேரவை இணையதளத்தைப் பார்க்கிறார். ஒருவர் உறுப்பினரின் உதவியாளரோடு பேசுகிறார். நான் புதன்கிழமை இரவு அரசிதழின் நான்காம் பகுதியையும், அவ்வாரச் சிறப்பிதழ்களையும் பார்க்கிறேன், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு சட்டமுன்வடிவுக்கும் ஒரு வரி: எண், தலைப்பு, அறிமுகம், நிறைவேற்றம், இசைவு, அரசிதழ், நடைமுறைத் தேதி, விதிகள். கடைசி இரண்டு கட்டங்கள் நிரம்பாத வரிகளை மாதத்தின் முதல் புதன்கிழமை மீண்டும் ஒருமுறை தேடிப் பார்க்கிறோம்.